உப்பைப் புரியவைக்காத வேதியியல் வகுப்பு

பள்ளிப் பாடத்திட்டத்தை மாற்றி எழுதுவது பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் மீண்டும் எழுந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் மனப்பாடத்திலிருந்து புரிதலை நோக்கி நகர வேண்டும் என்கிறது. ஆனால், எந்தப் பாடத்தைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதிலேயே விவாதம் முடிந்துவிடுகிறது. இருக்கிற பாடம் எப்படிச் சொல்லித்தரப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒன்பதாம் வகுப்பு வேதியியலில் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அதைக் கேட்டுப் பார்க்கலாம். அணுவின் வெளிக்கூட்டில் இருக்கும் இணைதிறன் எலக்ட்ரான்கள், அவற்றால் உருவாகும் அயனிகள், அயனிகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பு ஆகியவைதான் அந்தப் பகுதி.

இந்தப் பகுதி புரிந்த மாணவருக்கு அமிலமும் காரமும் மின்பகுப்பும் பேட்டரியும் தாமாகவே புரியும். இங்கே தடுக்கி விழுந்தவர், அதன் பிறகு வேதியியலை வாய்ப்பாடுபோல ஒப்பிக்கத் தொடங்குகிறார். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடும் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் வாழ்க்கையில் படிக்கும் கடைசி வேதியியல் இதுதான். மருந்துச் சீட்டையும் குடிநீரையும் உணவுப் பொட்டலத்தையும் இந்த அறிவை வைத்துத்தான் அவர்கள் பிற்காலத்தில் எதிர்கொள்ளப்போகிறார்கள்.

மத்தியப் பாடத்திட்டத்தில் நடந்தது நமக்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சுமை குறைப்பு என்ற பெயரில் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து தனிம வரிசை அட்டவணைப் பாடத்தை என்சிஇஆர்டி நீக்கியது. 2023-ல் அது வெளியே தெரிந்தபோது அறிவியலாளர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. அதே நூலில், சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பாவது உலோகங்கள் பற்றிய பாடத்தில் அப்படியே இருக்கிறது. ஒரு தனிமம் ஏன் எலக்ட்ரானை எளிதில் இழக்கிறது, இன்னொன்று ஏன் ஏற்கிறது என்பதற்கான வரைபடமே அந்த அட்டவணை. வரைபடத்தைக் கிழித்துவிட்டு ஊரின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

கொடுக்கல் வாங்கல் கதை

வகுப்பறையில் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம் இதுதான். சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒரு எலக்ட்ரான். குளோரினில் ஏழு. இரண்டுக்கும் எட்டு வேண்டும் என்று ஆசை. சோடியம் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது, பிணைப்பு உண்டாகிறது. கரும்பலகையில் இரண்டு வட்டங்கள், நடுவே ஒரு அம்புக்குறி. ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும்.

கேட்க இனிமையான கதைதான். ஆனால், இயற்கையில் நடப்பது இதுவல்ல. சோடியம் எதையும் விரும்பிக் கொடுப்பதில்லை. ஆவி நிலையில் உள்ள 23 கிராம் சோடியத்தில், ஒவ்வொரு அணுவிலிருந்தும் ஒரு எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 496 கிலோ ஜூல் ஆற்றல் செலவாகிறது. அந்த எலக்ட்ரான்களை 35.5 கிராம் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோ ஜூல்தான். அதாவது, கொடுக்கல் வாங்கலில் மட்டும் பார்த்தால் 147 கிலோ ஜூல் நஷ்டம். உலோகத்தை ஆவியாக்குவதற்கும் குளோரின் மூலக்கூறைப் பிளப்பதற்கும் ஆகும் செலவு இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

பிறகு உப்பு எப்படி உண்டாகிறது? உருவான நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் ஒன்றையொன்று இழுத்து, ஒழுங்காக அடுக்கி நின்று படிகமாகும்போது 787 கிலோ ஜூல் வெளிப்படுகிறது. எல்லாச் செலவையும் ஈடுகட்டி மிச்சமும் வைப்பது இந்த ஈர்ப்புதான். இதுதான் அயனிப் பிணைப்பு. எலக்ட்ரான் கைமாறுவது அதற்கு முந்தைய கட்டம் மட்டுமே. நம் வகுப்புகளில் முந்தைய கட்டத்துக்கே படம் வரைந்து மதிப்பெண்ணும் கொடுத்துவிடுகிறோம். பிணைப்பு என்ன என்பது சொல்லப்படாமலே மணி அடித்துவிடுகிறது.

எண்ம விதி எனப்படும் எட்டு எலக்ட்ரான் விதியும் அப்படித்தான். அது பயனுள்ள குறுக்கு வழி என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அதைக் காரணமாகச் சொல்லும்போதுதான் பிழை நேர்கிறது. சோடியம் ஏன் இரண்டாவது எலக்ட்ரானையும் இழப்பதில்லை? எட்டு நிறைந்து திருப்தி அடைந்துவிட்டதாலா? முதல் எலக்ட்ரான் தனியாக வெளிக்கூட்டில் நிற்கிறது. கருவில் இருக்கும் 11 புரோட்டான்களின் இழுப்பை உள்ளிருக்கும் 10 எலக்ட்ரான்கள் பெருமளவு மறைத்துவிடுவதால் அதன்மீது பிடி தளர்வு. இரண்டாவது எலக்ட்ரானோ கருவுக்கு மிக அருகில், இறுக்கமான பிடியில் இருக்கிறது. அதை எடுக்க 4,562 கிலோ ஜூல் வேண்டும். முதலாவதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல். எவ்வளவு நெருக்கமாக அயனிகளை அடுக்கினாலும் அந்தச் செலவு ஈடாகாது. ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டு எண்களைக் காட்டினால் போதும். ஆசை, திருப்தி என்ற பேச்சுக்கே தேவையில்லை.

அரசுப் பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதிலுள்ள இரும்பு, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த அயனி. அதன் வெளிக்கூட்டில் இருப்பவை 14 எலக்ட்ரான்கள். எட்டு இருந்தால்தான் நிலைக்கும் என்று காலையில் எழுதிய மாணவி, எட்டுக்கு அடங்காத ஓர் அயனியை மதியம் விழுங்குகிறாள். இந்த முரண்பாட்டை அவளிடம் யாரும் சொல்வதில்லை.

மேதையும் நம்ப மறுத்த உண்மை

உப்பில் தனித்தனி மூலக்கூறுகள் கிடையாது என்பதை ஏற்பது எளிதல்ல. வில்லியம் ஹென்றி பிராக், அவருடைய மகன் லாரன்ஸ் பிராக் இருவரும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு 1913-ல் உப்புப் படிகத்தின் உள்ளமைப்பை வெளிப்படுத்தினார்கள். ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள். ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். எந்தச் சோடியமும் எந்தக் குளோரினுக்கும் தனி உரிமை அல்ல. 1915-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது மகனுக்கு வயது 25.

ஆனால், இங்கிலாந்தின் மூத்த வேதியியலாளர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் அதை ஏற்கவில்லை. 1927-ல் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில், சாதாரண உப்புக்கு இப்படியொரு கதி நேர்ந்துவிட்டதே என்ற தொனியில் கடுமையாகச் சாடினார். சதுரங்கப் பலகைபோல மாறி மாறி நிற்கும் அயனிகள் என்ற கருத்து அவருக்கு ஒவ்வவே இல்லை. மாணவர்கள் தாமே சோதித்துக் கண்டறிந்து படிக்க வேண்டும் என்று போராடிய கல்விச் சீர்திருத்தவாதியும் அதே ஆம்ஸ்ட்ராங்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கே பதினான்கு ஆண்டுகள் கழித்தும் ஏற்க முடியாத ஒரு கருத்தை, ஒரு பாடவேளையில் நம் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

1990-களில் கெய்த் டேபர் என்ற ஆய்வாளர் இங்கிலாந்து மாணவர்களிடம் பேசிப் பார்த்தபோது, பலரும் ஒரே மாதிரியான தவறைச் செய்வது தெரிந்தது. தனக்கு எலக்ட்ரான் கொடுத்த சோடியத்தோடு மட்டுமே குளோரைடுக்குப் பிணைப்பு. மற்ற ஐந்தோடு இருப்பது வெறும் ஈர்ப்பு என்றார்கள். கொடுக்கல் வாங்கல் கதையின் நேரடி விளைவு இது. நம் ஊர் வகுப்பில் கேட்டாலும் இதே பதில் வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏனென்றால், நாமும் அதே இரண்டு வட்டங்களைத்தான் வரைகிறோம்.

தூத்துக்குடியும் சேலமும்

தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய் நின்று, இங்கே எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்கு எலக்ட்ரான் கொடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. கடல்நீரில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் ஏற்கெனவே தனித்தனியாக, தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்தபடி மிதக்கின்றன. வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகப் போக உப்புநீரின் அடர்த்தி ஏறுகிறது. உப்புக்கு முன்பாகவே ஜிப்சம் படிந்துவிடுகிறது. பிறகு, குறிப்பிட்ட அடர்த்தி வந்ததும் அந்த நீரைப் பாத்தியில் விட்டு உப்பை விளையவைக்கிறார்கள். மெக்னீசியம் உப்புகள் மிகுந்த கசப்பு நீரைக் கடைசியில் வெளியேற்றிவிடுகிறார்கள். ஒரு பாத்தியில் உப்பு விளையும்போது அயனிகள் ஒன்றையொன்று பிடித்து அடுக்கிக்கொள்வது மட்டுமே நடக்கிறது. உப்பளத் தொழிலாளியின் பிள்ளை படிக்கும் பாடநூலின் கதைப்படி, அவளுடைய அப்பா விளைவிக்கும் உப்பு உருவாகவே முடியாது.

சேலத்துக்கு வாருங்கள். ஊரை ஒட்டிய குன்றுகளில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், சூளையில் சுடப்பட்டு மெக்னீசியம் ஆக்சைடாகிறது. உருக்காலை உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்ய அது போகிறது. இரும்பே உருகி ஓடும் சூட்டில் அந்தச் செங்கல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? மெக்னீசியம் இரண்டு எலக்ட்ரான்களை இழந்திருக்கிறது. ஆக்சிஜன் இரண்டை ஏற்றிருக்கிறது. மின்சுமை இரு பக்கமும் இரட்டிப்பானால் இழுப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அயனிகள் சிறியவை என்பதால் நெருக்கமும் கூடுகிறது. சாதாரண உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மெக்னீசியம் ஆக்சைடு உருக சுமார் 2,850 டிகிரி வேண்டும். வெளிக்கூட்டில் ஒரு எலக்ட்ரானா, இரண்டா என்ற சின்ன வேறுபாடு உலைச் சுவராகி நிற்கிறது. சேலத்து மாணவருக்குப் பாடத்தை இங்கிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டில் விழும் அடி

‘பெரியவருக்கு சோடியம் குறைஞ்சுபோச்சு’ என்று மருத்துவமனையில் சொல்வதைக் கேட்காத குடும்பம் இன்று குறைவு. ரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் அயனி, அதற்குக் கீழே இறங்கினால் தடுமாற்றம், குழப்பம், சில வேளைகளில் வலிப்பு. தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் உலோகம் என்று பள்ளியில் படித்த சோடியம் உடம்புக்குள் எப்படி வந்தது என்று யோசிக்கும்போதே குழப்பம் தொடங்கிவிடுகிறது. அந்த ஒரு எலக்ட்ரானை இழந்த பிறகு அதன் குணமே வேறு என்பதைப் பள்ளி அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் 800 மில்லிகிராம் என்று இருக்கும். அதை அப்படியே உப்பின் அளவு என்று எடுத்துக்கொள்பவர்கள் பலர். உப்பின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குதான் சோடியம், மீதி குளோரைடு. எனவே, 800 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டு கிராம் உப்பு. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கும் குறைவாக உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கும் பொட்டலத்தில் சோடியத்துக்குப் பதிலாக ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்தாகலாம். இரண்டு அயனிகளுக்கும் மின்சுமை ஒன்றுதான், ஆனால் உடம்பு அவற்றை வெவ்வேறாகக் கையாள்கிறது என்பது தெரிந்தவர், வாங்கும் முன் மருத்துவரைக் கேட்பார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அயனி மிகுந்து, பல்லில் கறையும் எலும்பில் பாதிப்பும் ஏற்பட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்பதே இந்திய தர நிர்ணயத்தின் உச்ச வரம்பு. இதைச் சொன்னால், ‘நாங்க கொதிக்கவெச்சுத்தான் குடிக்கிறோம்’ என்று பதில் வரும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். அயனி எங்கும் போகாது. நீர் ஆவியாகிக் குறையும்போது மீதியில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். உப்பளத்தில் நடப்பதும் பானையில் நடப்பதும் ஒரே வேதியியல். பாடம் புரிந்திருந்தால் இந்த ஒரு தவறான நம்பிக்கையாவது தலைமுறை கடந்து வந்திருக்காது.

ஒரு பேட்டரி, இரண்டு பென்சில்

இதை வகுப்பில் காட்டப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிறிய எல்இடி, 470 ஓம் மின்தடை ஒன்று, இருமுனையும் சீவிய இரண்டு பென்சில்கள், கொஞ்சம் கம்பி, ஒரு கண்ணாடி டம்ளர். டம்ளரில் கல்லுப்பை மட்டும் போட்டுப் பென்சில் முனைகளைச் செருகினால் விளக்கு எரியாது. கழுவிய டம்ளரில், பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரை ஊற்றினாலும் எரியாது. இப்போது அந்த நீரில் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். முதல் சிட்டிகையில் மங்கலாக ஒரு பொட்டு வெளிச்சம். இரண்டாவதில் சற்றுக் கூடுதல். கிளறியதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்த பென்சில் முனையில் குமிழிகள் வருவதையும் பார்க்கலாம். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். மறுமுனையில் குளோரின் வாடை வரக்கூடும் என்பதால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

அடுத்து, புதிதாக ஊற்றிய வடிநீரில் சர்க்கரை. எவ்வளவு கொட்டினாலும் விளக்கு எரியாது. ஏன் என்ற கேள்வி மாணவர்களிடமிருந்தே வரும். அப்போது ஆசிரியர் பாடத்தைத் தொடங்கலாம். மறுநாள் அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் விளக்கு மினுங்கும்; மழைநீரில் அநேகமாக மினுங்காது. பிள்ளைகள் தங்கள் தெருவின் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

படிக அமைப்புக்குப் பள்ளி மைதானம் போதும். பதினாறு மாணவர்களைக் கூட்டல், கழித்தல் அட்டைகளோடு நான்கு வரிசைகளில் மாறி மாறி நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருக்கும் எல்லோரையும் பிடித்திருப்பார்கள். ஒரு வரிசையை மட்டும் ஓர் இடம் தள்ளி நகர்த்தினால் கூட்டலுக்கு எதிரே கூட்டல் வந்து நிற்கும். ஒத்த மின்சுமைகள் விலக்கும். கல்லுப்பைச் சுத்தியலால் தட்டினால் ஏன் தட்டையான முகங்களோடு பிளக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

என்ன செய்யலாம்?

முதல் மாற்றம், பாடம் சொல்லும் வரிசையில் வர வேண்டும். உப்புப் படிகத்திலும் அதன் குணத்திலும் தொடங்கி, மின்சுமைகளின் ஈர்ப்பைச் சொல்லி, அதன் பிறகே அயனி எப்படி உருவாகிறது என்பதற்குப் போக வேண்டும். எட்டு எலக்ட்ரான் விதி கடைசியில், எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்ற குறிப்போடு வரட்டும். புதிய பாடநூலில் 496, 349, 787 என்ற மூன்று எண்களையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிடலாம். தற்போதைய ஒன்பதாம் வகுப்பு நூல் 2018-ல் வந்தது. திருத்தத்துக்கு இது சரியான நேரம்.

இரண்டாவது, ஆசிரியர்கள். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் விலங்கியலோ தாவரவியலோ படித்தவராக இருக்கலாம். வேதிப்பிணைப்பையும் அவர்தான் நடத்துகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குறுவள மையக் கூட்டங்களில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, உரை கேட்பதற்குப் பதிலாக, மேலே சொன்ன சோதனையை ஒவ்வொரு ஆசிரியரும் தம் கையால் செய்து பார்க்க வைக்க வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022-ல் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், அறிவியலைச் செய்முறையாகக் காட்டும் நல்ல திட்டம். அதை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கும் நீட்டிக்க வேண்டும். வேதியியல் உண்மையில் கடினமாகும் இடத்தில் அந்த உதவி நின்றுவிடுகிறது.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: வினாத்தாள். தேர்வில் கேட்கப்படுவதைத்தான் வகுப்பில் நடத்துவார்கள். அதை மாற்றாமல் நூலை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. ‘எண்ம விதியைக் கூறுக’, ‘சோடியத்தின் இணைதிறன் எலக்ட்ரான் எத்தனை?’ என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல யோசிக்க வேண்டியதில்லை. உலர்ந்த உப்பு ஏன் மின்சாரத்தைக் கடத்துவதில்லை, உப்புக் கரைசல் ஏன் கடத்துகிறது என்று கேட்கலாம். இரண்டு சேர்மங்களின் உருகுநிலையைக் கொடுத்து வேறுபாட்டுக்குக் காரணம் கேட்கலாம். மாதிரி வினாக்களைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வெளியிட்டுவிட்டால் ஆசிரியர்களுக்கும் தயக்கம் இருக்காது.

இதற்கெல்லாம் பாடநூல் மாறும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த காலாண்டுத் தேர்வின் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தாளில் இந்த ஒரு கேள்வியைச் சேருங்கள்: ‘குடிநீரைக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள ஃபுளோரைடு நீங்குமா? காரணம் கூறுக.’ வரும் விடைகளைப் படித்துப் பார்த்துவிட்டு, பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்யுங்கள்.